இவளை இப்படியே திருப்பித் தாரும்

என் மனைவி தெரேஸ் குணமாகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்சி என்றால் கடைசியில் நோய் நீங்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்துப் படிப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இன்று காலைகூட என்னைப் பார்த்து, "நீங்க பால்காரரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "தண்ணி கலக்காம ஊத்துங்க" என்றாள். சரி என்றேன்.

ஆனாலும் என் செபம் கேட்கப்பட்டது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் பங்கு இதழைப் பார்த்துக்கொள்ளும் தம்பி அந்துவானிடம் முதலில் இதை வாயால் சொன்னேன். அவர் கண் கலங்கினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, அருமையான சாட்சி. ரெண்டு எடத்துல மட்டும் லேசா சரி பண்ணிடலாம். அக்கா இப்ப தேறிட்டு வராங்கன்னு முடிங்க. அப்புறம் அந்த பாய் வூட்டு அம்மா பேரு எதுக்கு? 'ஒரு நல்ல உள்ளம்'னு போட்டா போதும்."

நான் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியவன். இதைத் திருத்த மாட்டேன். அச்சிட்டால் முழுதாக அச்சிடுங்கள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நகல் எடுத்து நானே கோவில் வாசலில் நின்று கொடுத்துக்கொள்கிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசிரியராக இருந்தேன். என்னிடம் படித்தவர்கள் இன்றும் என்னை 'முசியே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு ஒரு மிடுக்கு உண்டு. இஸ்திரி போட்ட சட்டை, திருப்பலிக்குப் பத்து நிமிடம் முன்பே முன்வரிசை, யாரிடமும் கை நீட்டாத வாழ்க்கை. தெரேஸ் அதற்கு நேர் எதிர். அவளுக்கு வாய்தான் எல்லாம். பால் பூத் வரிசையில் நின்றுவிட்டு வந்தால் முன்னால் நின்றவரின் மருமகள் கதையும் பின்னால் நின்றவரின் முழங்கால் கதையும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அவள் பேசுவாள், நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து 'ம்' கொட்டுவேன். அப்படித்தான் எங்கள் காலம் போனது.

அவளுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள். பிறகு வழி. பிறகு அடுப்பு. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி, இது குறையாது, கூடும் என்றார். நான் அவரை நம்பவில்லை. ஆண்டவரிடம் போனேன். வெள்ளிக்கிழமை உபவாசம், நவநாள், திருத்தலங்கள், தலையில் கை வைத்துச் செபிக்கிறவர்கள் என்று எதையும் விடவில்லை. இரண்டு ஆண்டுகள் ஒரே செபம். "ஆண்டவரே, என் மனைவியைக் குணமாக்கும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறையுரை நடந்துகொண்டிருந்தபோது அவள் எழுந்து நின்றாள். கோவில் முழுவதும் கேட்கும் குரலில், "சாமி, சீக்கிரம் முடிங்க, அடுப்புல உலை வச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள். சாமியே சிரித்துவிட்டார். பின்வரிசைகளில் ஒரே சிரிப்பு. கேலி இல்லை அது, இப்போது யோசித்தால் அன்பான சிரிப்புதான். எனக்கு அப்போது அப்படிக் கேட்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் கையில் என் விரல்கள் பதிந்திருந்தன. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, "எங்க இடிச்சிகினேன்னு தெரியல" என்றாள்.

அதன் பிறகு அவளைக் கோவிலுக்கு அழைத்துப் போகவில்லை. கேட்டவர்களுக்கு மூட்டுவலி என்றேன். வீட்டுக்கே நற்கருணை கொண்டுவருகிறேன் என்று சாமி சொன்னபோதும், வேண்டாம், ஓய்வில் இருக்கிறாள் என்றேன். பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். இதெல்லாம் அவள் நல்லதுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் மிடுக்குக்காக.

அந்தச் சமயத்தில்தான் வளைகுடாவில் இருக்கும் மகன் பத்ரீஸ் கூப்பிட்டான். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவனுக்கு வேலை. பிள்ளைகளின் படிப்புக்காக மருமகள் இங்கே தங்கிவிட்டாள். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறான், கொஞ்ச நாள் வந்து இருங்கள் என்றான். எல்லோரிடமும் மகனுக்குத் துணையாகப் போகிறோம் என்றேன். உண்மையில் நான் போனது, எங்களை யாருக்கும் தெரியாத ஓர் ஊரைத் தேடித்தான்.

பத்ரீஸ் இருந்தது கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கும் பகுதியில் இல்லை. கழிமுகத்தை ஒட்டிய பழைய குடியிருப்பு. அந்த நாட்டுப் பழங்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். உயரமான மதில்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கதவுகள்; முன்கதவு ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும், பக்கத்துச் சந்தில் திறக்கும் கதவு பெண்களுக்கு. தெருக்கோடியில் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு மாடிக் கட்டிடம். எதிரே நீரோரமாக நீண்ட நடைபாதை, கம்பித் தடுப்பு, பேரீச்ச மரங்கள். மாலையில் கறுப்பு அங்கி அணிந்த பெண்கள் கூட்டமாக ஒரு பக்கம் நடப்பார்கள். ஆண்கள் தனியாக. யாரும் யாரையும் உற்றுப் பார்க்க மாட்டார்கள்.

போன முதல் நாளே பத்ரீஸ் சொல்லிவிட்டான். "அப்பா, இது பழைய ஆளுங்க இருக்கிற எடம். லுங்கியோட கீழ எறங்காதீங்க. யார் வூட்டு வாசலயும் எட்டிப் பாக்காதீங்க. முக்கியமா, எந்த ஆம்பளகிட்டயும் அவங்க வூட்டுப் பொம்பளைங்கள பத்திக் கேக்காதீங்க. அவங்களும் கேக்க மாட்டாங்க. 'வூட்ல எல்லாம் சௌக்கியமா'ன்னு மொத்தமா கேட்டா போதும். அதான் இங்க மரியாதை."

எனக்கு அந்த ஊர் அப்போதே பிடித்துப் போயிற்று. ஒருவன் மனைவியைப் பற்றி இன்னொருவன் கேட்கவே மாட்டான் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும். பத்ரீஸ் வேலைக்குப் போனதும் நான் கதவைப் பூட்டிக்கொண்டு நீரோரம் நடக்கப் போவேன். அவள் உள்ளே. எதிர்ப்படும் பெரியவர்கள் நெஞ்சில் கை வைத்து சலாம் சொல்லி, வீட்டில் சௌக்கியமா என்பார்கள். சௌக்கியம் என்பேன். அவ்வளவுதான். எங்கள் வரவேற்பறைச் சுவரில், வாசலிலிருந்தே தெரியும்படி, மாதா படம் இருந்தது. அதைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னைக் கட்டிப்போட்டது அந்த ஊர் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவளைப் பூட்டி வைத்தது நான்.

ஒரே ஒருவர்தான் கேட்பார். கீழ்த்தளத்தில் குடியிருந்த மும்தாஜ். நம் புதுச்சேரி முல்லா வீதிக்காரர். ஐம்பது வயதிருக்கும். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. பெண்கள் மேலே போட்டுக்கொள்ளும் அந்தக் கறுப்பு அபாயாவை மும்தாஜ் வீட்டிலேயே தைத்துக் கொடுப்பார். அளவெடுக்கப் போய்ப் போய் அந்தத் தெருவில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் அவரைத் தெரியும். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் விடமாட்டார்.

"இன்னா முசியே, அக்காவ வெளிய கூட்டியாரவே மாட்டீங்களா?"

"அவங்களுக்குத் தலைவலி."

"தெனமுமா?"

நான் மேலே ஏறிவிடுவேன். மகனிடம், அந்த அம்மா வீட்டோடு பழக்கம் வேண்டாம் என்றேன். அவர் வாய் வழியாக விஷயம் முல்லா வீதிக்குப் போய், அங்கிருந்து நம் தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம். அதோடு இன்னொன்றும் இருந்தது. நாம் நம் ஆட்களோடு, அவர்கள் அவர்கள் ஆட்களோடு என்ற எண்ணம். அதையும் மறைக்க மாட்டேன்.

கொஞ்ச நாள் என்று போனது ஓராண்டாகிவிட்டது. அந்த ஆண்டு நம் தவக்காலமும் அவர்களுடைய நோன்பு மாதமும் ஒன்றாக வந்தன. நானும் உபவாசம், தெருவே உபவாசம். ஒரு வெள்ளிக்கிழமை. பத்ரீஸுக்குப் பகல் முழுவதும் ஆலையில் வேலை. ஏசி பழுது பார்க்க ஆள் வந்தார். வெளிப்பெட்டி மொட்டைமாடியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றார். கூடப் போனேன். கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. தெரேஸ் இல்லை. அவள் செருப்பு அங்கேயே இருந்தது.

படிக்கட்டு, பின்சந்து, குப்பைத் தொட்டிகள் நிற்கும் இடம், மளிகைக் கடை எல்லாவற்றையும் பார்த்தேன். நீரோரத்துக்கு ஓடினேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கம்பித் தடுப்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். பாறைகளின் மேல் நுரை. நான் எதைத் தேடுகிறேன் என்று எனக்கே புரிந்தபோது கண்ணை எடுத்துக்கொண்டேன்.

மகனுக்கு உடனே போன் செய்தேனா? இல்லை. போலீசுக்கு? இல்லை. அவன் வருவதற்குள் கண்டுபிடித்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். அப்போதும் அதுதான் என் நினைப்பு.

நாலைந்து வீடு தள்ளி ஒரு பெரிய வீட்டின் முன்கதவருகே வெளிப் பலகையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். தினமும் எனக்கு சலாம் சொல்பவர். பக்கத்தில் அவருடைய மலையாளி டிரைவர். நான் மூச்சு வாங்கிக்கொண்டே டிரைவரிடம், என் மனைவியைக் காணவில்லை, இந்தப் பக்கம் பார்த்தீர்களா என்றேன்.

"எந்தா டிரெஸ், சாரே?"

இங்கேதான் நான் செய்த பெரிய பிழை. தெரேஸ் போட்டிருந்தது பூப்போட்ட நைட்டி. தோளில் ஒரு துண்டு. நம் தெருவில் பெண்கள் அப்படியேதான் பால் வாங்கப் போகிறார்கள், குப்பை வண்டிக்கு வெளியே வருகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்த மதில்களுக்கு நடுவே, அந்த வெள்ளை அங்கி முதியவருக்கு முன்னால், என் மனைவி நைட்டியோடு தெருவில் போனாள் என்று சொல்ல என் வாய் வரவில்லை.

"சேலை. நீலச் சேலை" என்றேன்.

டிரைவர் அரபியில் சொன்னார். முதியவர் யோசித்துவிட்டு இல்லை என்று தலையசைத்தார். நான் போனை எடுத்து தெரேஸின் படத்தைக் காட்டினேன். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு முறை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். பிறர் மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய மரியாதை. எனக்கு அது அவமதிப்பாகப் பட்டது.

"மனுஷன் பொண்டாட்டிய காணாம நிக்கிறான், உங்களுக்குப் பாக்கக்கூட முடியாதா?" என்று தமிழிலேயே கத்தினேன். டிரைவர் அதை மொழிபெயர்க்கவில்லை.

தெரு முழுவதும் கேட்டுக்கொண்டே போனேன். எல்லோரிடமும் நீலச் சேலை. எல்லோரும் இல்லை என்றார்கள். எல்லோரும் படத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினார்கள். நான் எந்த வழக்கத்துக்குப் பின்னால் ஓராண்டாக ஒளிந்துகொண்டிருந்தேனோ அதே வழக்கம் இப்போது எனக்கு முன்னால் மதிலாக நின்றது. இந்தத் தெருவில் என் மனைவியை ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

பொழுது சாய்ந்தது. நோன்பு திறக்கும் நேரம் நெருங்க நெருங்க மனிதர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பிறகு பாங்கு ஒலித்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. கேட்பதற்கு ஒருவர்கூட மிச்சமில்லாமல் நீரோரத்தில் நான் தனியாக நின்றேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு செபித்தேன். முழந்தாள் போடவில்லை, சிலுவை அடையாளம் போடவில்லை. சண்டைதான் போட்டேன். அந்த வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்.

"ஆண்டவரே, இரண்டு வருடமாக நான் கேட்டது இவளை இல்லை. பழைய தெரேஸைக் கேட்டேன். எனக்கு வெட்கம் தராத ஒருத்தியைக் கேட்டேன். நீர் தரவில்லை. சரி, அந்தக் கணக்கை விடும். இனிமேல் குணமாக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். இவளை இப்படியே திருப்பித் தாரும். பேர் தெரியாதவளாகவே தாரும். நைட்டியோடு தாரும். நான் ஊரறிய வைத்துக்கொள்கிறேன். இதையும் நீர் தரமாட்டீர் என்றால் உம்மோடு எனக்குப் பேச்சில்லை. தரும் வரை இந்தக் கம்பியை விட மாட்டேன்."

பக்தியுள்ளவர்கள் இப்படிப் பேசக் கூடாது என்பார்கள். பேசினேன். பக்தியாகப் பேசிய இரண்டு ஆண்டுகளில் நான் ஒரு முறைகூட உண்மை பேசியதில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினேன். மும்தாஜ். ஒரு கையில் காலித் தூக்கு. தடுப்பு திரும்பும் இடத்துக்கு அப்பால் நோன்பு திறக்க உட்கார்ந்திருந்த கட்டிட வேலைக்காரர்களுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வேகமாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்னொரு கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலில் ஒரு வாய் குடித்து நோன்பைத் திறந்துவிட்டு, என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னா முசியே, இந்த நேரத்துல தனியா நின்னுகினு இருக்கீங்க? அக்கா எங்க?"

அந்தக் கேள்விதான் பதில். அதற்கு மேல் எனக்கு எந்த அற்புதமும் வேண்டாம். அந்தத் தெருவில் யாரும் கேட்காத கேள்வி. கேட்டுவிடுவாரோ என்று நான் படிக்கட்டில் ஓடி ஒளிந்த கேள்வி. "அக்கா எங்க?"

"காணும்மா" என்றேன். "மத்தியானம் ஏசி ஆளு வந்தப்ப போயிட்டா. எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். நீலச் சேலைன்னு சொன்னேன்."

"நீலச் சேலையா? அக்கா சேல கட்டி நான் பாத்ததே இல்லயே. நைட்டிதான போட்டுனு இருக்கும்?"

"நீ எப்பப் பாத்த?"

"பின்பக்கம் துணி காயப்போடப் போனா, மேல கிச்சன் ஜன்னல்ல நின்னுகினு பேசும். ஊரு கதயெல்லாம் சொல்லும். என் பேர மட்டும் தெனம் புதுசா கேக்கும்." தூக்கைக் கீழே வைத்தார். "எங்க மாமியாருக்கும் இதேதான் சார் இருந்துச்சி. பாத்தா தெரியாதா?"

நான் அப்போது கேட்டதை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். மனைவி கடலில் போனாளா தெருவில் போனாளா என்று தெரியாமல் நின்ற நான் அவரிடம் கேட்டது இது: "ஊர்ல யார்கிட்டயாவது சொன்னியா?"

மும்தாஜ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்காவ காணும்னு நிக்கிறீங்க. இப்ப இது ஒரு கேள்வியா சார்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நைட்டிதான். பூப்போட்டது. தோள்ல துண்டு. செருப்புகூட போடல" என்றேன்.

உண்மையான அடையாளத்தை அன்று முதன்முதலாக அப்போதுதான் சொன்னேன்.

அவர் போனை வாயருகே வைத்து அரபியில் ஏதோ பேசினார். பேச்சைப் பதிவு செய்து தெருப் பெண்களின் குழுவுக்கு அனுப்பினாராம். பிறகு இருவரும் நின்றோம். அவர் வீட்டில் நோன்புச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். போகவில்லை. போன் சிணுங்கியது. காதில் வைத்துக் கேட்டார். இன்னொன்று வந்தது. கேட்டுக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"வாங்க முசியே. உங்க நீலச் சேல கெடச்சிடுச்சி."

நான் கத்திவிட்டு வந்தேனே, அதே முதியவரின் வீடு. மும்தாஜ் சந்துக் கதவு வழியாக உள்ளே போனார். நான் முன்கதவில் நிற்க வேண்டும். விஷயம் உள்ளே இருந்து வெளியே வந்து, முதியவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். கூடவே டிரைவர்.

முதியவர் மெதுவாக ஏதோ கேட்டார். டிரைவர் சங்கடத்தோடு சொன்னார்: "சாரே, மூப்பர் கேட்கிறது, சாரி கட்டிய லேடின்னுதானே சார் பறஞ்சது? சாரி கட்டிய லேடி யாரும் வந்திட்டில்லா."

நடந்தது பிறகுதான் தெரிந்தது. மதியம் சந்தில் நைட்டியோடு வெறுங்காலில் நின்ற ஒரு கிழவியை அந்த வீட்டுப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். கண்ட நொடியில் உள்ளே இழுத்து, ஓர் அபாயாவைப் போர்த்தி உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டின் பெண்கள் பகுதியில் இருக்கும் அந்நியப் பெண்ணைப் பற்றி ஆண்களிடம் பேசுவது அவர்களுக்கு முறையில்லை. பெண்கள் மூலமாக யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருக்கிறார்கள். நைட்டியில் போனாள் என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தால் அப்படி வந்தவளைப் பெண்கள்தான் உள்ளே அழைத்திருப்பார்கள் என்று ஊகித்து முதியவர் ஆளனுப்பிக் கேட்டிருப்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நடுவில் இருந்தது ஒரு நீலச் சேலை.

"நான் பொய் சொன்னேன். உங்களைத் திட்டவும் செய்தேன். மன்னிக்கச் சொல்லுங்கள்" என்றேன். டிரைவர் சொன்னார். முதியவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். பிறகு ஒரு தட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் உபவாசத்துக்கும் சேர்த்து, என் கையில் பேரீச்சம்பழத்தைத் திணித்தார். அவள் யார், ஏன் இப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சந்துக் கதவு திறந்தது. கறுப்பு அங்கியில் இரண்டு பெண்கள் வந்தார்கள். முதியவர் உடனே தரையைப் பார்த்தார். அந்த இருட்டில் இருவரில் என் மனைவி யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஓராண்டாக நான் அவளை ஒரு பொருளாகத்தான் பார்த்திருக்கிறேன் போலும், நடையைக்கூட மறந்திருந்தேன். பிறகு குரல் கேட்டது.

"காப்பியில சக்கரையே போடல அந்தப் பொண்ணு. நான் சொன்னப்புறந்தான் போட்டுச்சி. நல்ல பொண்ணுதான், வாய் மட்டும் வேற பாஷ பேசுது."

மும்தாஜ் சொன்னார், அவர்கள் எல்லோரும் நோன்பிலிருக்க இவளுக்கு மட்டும் மதியமே சோறு போட்டார்களாம். அவள் மதியம் முழுக்கத் தமிழில் கதை சொல்லியிருக்கிறாள். வீட்டுப் பாட்டியம்மா அரபியில் பதில் சொல்லியிருக்கிறார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

தெரேஸ் என் முன்னால் வந்து நின்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு மும்தாஜிடம், "யாரு இந்தப் பெரியவரு? அழுவறாரே. அவருக்கும் ஒரு காப்பி குடுங்க" என்றாள்.

நான் கேட்டது இதைத்தானே. இப்படியே தாரும் என்றேன். இப்படியே தந்தார்.

அன்று இரவு பத்ரீஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டியதையும் சொன்னேன். "எனக்கு ஏம்பா போன் பண்ணல?" என்று மட்டும் கேட்டான். அவன் கதவுக்குப் பெரிய பூட்டு வாங்கவில்லை, அம்மாவின் கழுத்தில் போன் எண் எழுதிய ஒரு டாலரை மாட்டினான். மும்தாஜ் அளவெடுத்து அவளுக்கு ஓர் அபாயா தைத்தார். தெரேஸுக்கு அது பிடிக்கவில்லை. "சாமியார் அங்கி மாரி இருக்கு" என்றாள். ஆனாலும் மாலையில் அதைப் போட்டுக்கொண்டு, நீரோரத்தில் பெண்கள் பக்கத்தில் நடுநாயகமாக நடந்தாள். நான் ஆண்கள் பக்கத்தில் நடந்தேன். எதிர்ப்படும் பெரியவர்கள் வீட்டில் சௌக்கியமா என்று கேட்டால், "இல்லை, அவளுக்கு மறதி நோய், ஆனால் அதோ நடக்கிறாள்" என்று சொல்லப் பழகினேன். முதலில் திகைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருப்பதைச் சொன்னார்கள். தாய், அண்ணன், ஒருவருக்கு மனைவியேதான். அந்த உயர்ந்த மதில்களுக்குப் பின்னால் என்னைப் போல எத்தனை பேர்.

இப்போது புதுச்சேரி திரும்பிவிட்டோம். சிலர் என்னிடம் வாதம் செய்கிறார்கள். ஆண்டவர் பதில் தர நம் சபையில் ஆளில்லையா, அந்த பாய் வீட்டு வழியாகத்தான் தருவாரா என்கிறார்கள். நான் மறைநூல் படித்த பண்டிதன் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்று. நம் சபையில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் நான் கேட்க விடவில்லை. விடாமல் கேட்டவர் மும்தாஜ். அவர் பெயரை 'ஒரு நல்ல உள்ளம்' என்று மாற்றி எழுதினால் அது இன்னொரு நீலச் சேலை. ஒரு முறை கட்டிவிட்டது போதும்.

இன்னும் சிலர் என் விசுவாசம் குறைந்துவிட்டது என்கிறார்கள். குணமாக வேண்டும் என்று கேட்பதையே விட்டுவிட்டேனாம். ஆம், விட்டுவிட்டேன். ஆண்டவரால் முடியாது என்பதால் இல்லை. நான் கேட்டதைத் தராமல், கேட்டே இராத ஒன்றை அவர் தந்திருக்கிறார். இவளை எனக்குத் தந்திருக்கிறார். வேலை, மிடுக்கு, செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் நடுவே இத்தனை வருடம் நான் சரியாகப் பார்க்காத ஒருத்தி. இப்போது அவள் பேசுகிறாள், நான் கேட்கிறேன். சொன்ன கதையையே சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிதாக ஒன்று கிடைக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும்.

வீட்டில் ஒருவரை இப்படி வைத்துக்கொண்டு, வெளியே மூட்டுவலி என்று சொல்லிக்கொண்டிருக்கும் உங்களுக்குத்தான் இதை எழுதினேன். யார் யார் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். சன்னல் மூடியிருக்கும் வீடுகளை அடையாளம் காண எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செபியுங்கள். அழகாகச் செபிக்க வேண்டாம், உண்மையாகச் செபியுங்கள். சண்டை போடுங்கள், அவர் தாங்குவார். பிறகு கதவைத் திறந்து பக்கத்து வீட்டில் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து வீடாக இருந்தாலும் சரி.

வரும் ஞாயிறு காலைத் திருப்பலிக்கு தெரேஸும் நானும் வருகிறோம். பின்வரிசையில் இல்லை, முன்னால்தான். உங்கள் வீட்டு ஆளையும் அழைத்து வாருங்கள், பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன். மறையுரை நீண்டால் அவள் எழுந்து சாமியைச் சீக்கிரம் முடிக்கச் சொல்வாள். சொல்லட்டும். சிரிக்க விரும்புபவர்கள் சிரிக்கலாம், அவளுக்கும் சிரிப்பது பிடிக்கும். முகம் சுளிக்கிறவர்கள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளுங்கள். நாங்கள் எழுந்து போவதாக இல்லை.